கல்லறை ஏடும் பாட்டியின் நாவும்

தம் வம்சத்தின் சரித்திரத்தைத் தேடப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர், எங்கேனும் ஒரு பாளையக்காரரையோ, அரசவைப் புலவரையோ, மானியம் பெற்ற பண்டிதரையோ தம் மூதாதையர் வரிசையில் கண்டெடுத்துவிடலாம் என்ற ஆசையோடுதான் புறப்படுகிறார்கள். அந்த ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆயினும், பழைய அடக்கப் பதிவேடுகளின் செல்லரித்த தாள்களைப் புரட்டியும், எண்பதைக் கடந்த பாட்டிமாரின் அருகே அமர்ந்து அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டும் பழகியவர்கள், எந்தக் குடும்பத்தின் பூர்வோத்தரத்திலும் மிகுதியாகக் கிடப்பது துக்கமே என்பதையும், அந்தத் துக்கத்தில் ஒரு பாதியை ஏடும் மறு பாதியை நாவும் காத்து வைத்திருக்கின்றன என்பதையும், இரண்டையும் ஒருசேர விசாரிக்காதவருக்கு ஒரு மூதாதையின் பெயர் கிடைக்கலாமே தவிர அந்த மனிதர் கிடைப்பதில்லை என்பதையும் நாளடைவில் உணர்ந்துகொள்கிறார்கள்.

பிறந்த நாளை அடியோடு மறந்துவிட்ட குடும்பங்களும் இறந்த திதியை மறப்பதில்லை. ஆண்டு மறந்துபோகும், மாதமும் பட்சமும் திதியும் மறவா. சிராத்தம் செய்யும் வழக்கமுள்ள வீடுகளில் தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களும், அவ்வாறே மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களும், கோத்திரத்தோடு சேர்த்து உச்சரிக்கப்படுகின்றன. தந்தை வசு ரூபமாகவும், பாட்டனார் ருத்ர ரூபமாகவும், கொள்ளுப்பாட்டனார் ஆதித்ய ரூபமாகவும் பாவிக்கப்படுகிறார்கள். வீட்டில் அடுத்தவர் ஒருவர் காலமானதும் வரிசை ஒரு படி நகர்கிறது. மேலே இருந்த பெயர் ஓசையின்றி உதிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு புதிய மரணமும் ஒரு பழைய பெயரைச் சடங்கிலிருந்து விடுவிப்பதாகிய இந்த ஏற்பாட்டினால், எத்தனையோ நூற்றாண்டுகளாக இடைவிடாமல் ஓதப்பட்டு வரும் ஒரு வம்சாவளி, எந்தக் காலத்திலும் மூன்று தலைமுறைக்கு மேல் நீளாமலே இருந்து வந்திருக்கிறது. இறந்தவரின் ஊர், தொழில், வயது, வியாதி ஆகியவற்றுக்கு அந்த மந்திரத்தில் இடமில்லை. இறந்தோரைப் புதைக்கும் வழக்கமுள்ள ஏனைய சாதியாரின் இடுகாடுகளிலோ அதுவும் இல்லை. எந்த மேட்டின் அடியில் எவர் கிடக்கிறார் என்பது பெரும்பாலும் வெட்டியானின் ஞாபகத்தில் மட்டுமே தங்கி, அவருடைய மகனுக்குப் பாதியாகவும் பேரனுக்குக் காலாகவும் வந்து சேர்ந்திருக்கும்.

ஆகவே, ஏட்டின் துணையோடு முன்னோரைத் தேடும் காரியம் நம் நாட்டில் தேவாலயங்களைச் சுற்றியே வளர்ந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் விவாகப் பதிவேடு அதே ஆண்டு நவம்பரில், எலிஹு யேல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர், ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் விதவையான காதரின் அம்மையாரை மணந்த செய்தியோடு தொடங்குகிறது. 1753-இல் ராபர்ட் கிளைவ் மணம் புரிந்ததும் அதே ஆலயத்தில்தான். யாத்திரிகர்கள் இந்தப் பெயர்களைக் கண்டு வியந்து போய்விடுகிறார்கள். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் நின்று பார்க்கவேண்டியது வெளி முற்றத்தை. அங்கே தரையில் பரப்பப்பட்டிருக்கும் கல்லறைக் கற்களுள் 1652-ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிசபெத் பேக்கர் அம்மையாரின் கல்லும் ஒன்று. ஆலயத்தைவிடக் கல்லுக்கு வயது அதிகம். காரணம், அந்தக் கற்கள் அங்கே இருந்தவை அல்ல. பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த நிலமே அக்காலத்து ஆங்கிலேயரின் இடுகாடு. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலி என்ற பிரெஞ்சுத் தளகர்த்தர் கோட்டையை முற்றுகையிட்டபோது, உயர்ந்து நின்ற அந்தச் சமாதிகள் பகைவரின் துருப்புகளுக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியதும் அவற்றை இடித்துத் தள்ளிவிட்டு, கற்களை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹின்மர்ஸும் யேலின் சிறு மகன் டேவிட்டும் துயிலும் கூர்நுனிச் சமாதி மாத்திரம் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே முற்றத்தில் தம் மூதாதையின் பெயரைக் கல்லில் கண்டு ஒருவர் மண்டியிடுவாரேயானால், அந்தப் பெயருக்கு உரியவரின் எலும்பு அங்கே இல்லை. கல் நகரக்கூடியது, இடிபடக்கூடியது, மழையில் எழுத்தை இழக்கக்கூடியது. அதனால்தான் கல்லைவிட ஏட்டை நம்பவேண்டியிருக்கிறது.

ஏட்டைக் காப்பாற்றியதற்குக் கம்பெனியாரின் கணக்குப் புத்தியே காரணம் என்று சொல்லவேண்டும். சென்னை மாகாணத்து ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதற்கொண்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. இங்கே கறையான் தின்ற பக்கம் அங்கே பத்திரமாக இருக்கிறது. இன்று அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுள் அடங்கும். சமாதிக் கற்களின் வாசகங்களைத் திரட்டும் வேலையை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி மேற்கொண்டு 1905-இல் பெரிய நூலாக வெளியிட்டார். தியான் வில்கின்சன் என்பவரின் முயற்சியால் 1970-களில் தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியரின் இடுகாடுகளைப் பேணுவதற்கென்றே ஒரு சங்கம் தோன்றிற்று. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சரித்திரத்துக்கென 1998-இல் தோன்றிய மற்றொரு சங்கத்தார் பதிவேடுகளைப் பெயர் பெயராகப் பெயர்த்தெழுதி, எவரும் தேடிக்கொள்ளும்படி செய்து வருகிறார்கள்.

அந்த அடக்கப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பார்க்கவேண்டும். இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், மரண காரணம், சடங்கை நடத்திய குருவின் ஒப்பம் என்று பத்திகள் ஓடுகின்றன. வெயில் நாட்டில் இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே ஒரு நாளுக்கு மேல் பெரும்பாலும் இல்லை. வயது என்ற பத்தியில் ஆண்டுக் கணக்கு வருவதைப் போலவே மாதக் கணக்கும் நாள் கணக்கும் வந்துகொண்டே இருக்கும். ஒரே தகப்பன் பெயர் சில ஆண்டுகளுக்குள் மூன்று முறை, நான்கு முறை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஒரு சிசு. நீலகிரியை வெள்ளையருக்கு அறிமுகப்படுத்திய ஜான் சல்லிவன் என்ற கலெக்டரின் பெயர் உதகமண்டலத்தில் ஏரியோடும் கட்டடத்தோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. புனித ஸ்டீபன் ஆலயத்தின் இடுகாட்டில் அவருடைய மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். சரித்திர நூல்கள் ஏரியைச் சொல்லும். இடுகாடு மற்றதைச் சொல்லும்.

ஆனால் அந்த ஏட்டுக்கும் ஒரு கொடிய ஊமைத்தனம் உண்டு. பட்டாளத்துச் சிப்பாயின் குழந்தை என்று எழுதி, தகப்பனின் படைப்பிரிவையும் எழுதி, தாயைக் குறிக்கும்போது ‘சுதேசி ஸ்திரீ’ என்ற அளவில் நிறுத்திவிடுகிற வாசகங்கள் ஒன்றிரண்டல்ல. இன்று ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பலர், ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்திய ஐரோப்பியத் தகப்பனின் ஊரைக்கூடச் சொல்லிவிடுவார்கள். அவனோடு வாழ்ந்து, அவன் பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் சிலரை மண்ணில் வைத்த தாயின் பெயரைச் சொல்ல அவர்களால் இயலாது. அவளும் ஒரு தமிழச்சியாகவோ தெலுங்கச்சியாகவோ இருந்திருப்பாள். அவளுக்கும் ஒரு பாட்டி இருந்திருப்பாள். எழுதுகோல் பிடித்த குருவுக்கு அந்தப் பெயரைக் கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிஷத்தின் குறையை இன்று எந்த ஆராய்ச்சியாலும் நிரப்பமுடியவில்லை என்பதை நினைக்குந்தோறும் மனம் கொதிக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஏடுகள் வேறு விதமானவை. அவற்றில் தாய்மார்களுக்குப் பெயர் உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அடுத்த ஆண்டிலேயே தமிழர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார். 1718-இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே மறு ஆண்டு அடக்கம் செய்யப்பட்டார். திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையில், 1780-இல் தொடங்கிய திருச்சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. குளோரிந்தா என்று ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவையும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. அவர் கட்டிய ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். பிற்காலத்தில் இலட்சக்கணக்காகப் பெருகிய ஒரு சமூகத்தின் ஏடு நாற்பது பெயர்களோடு தொடங்கிற்று என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு தாளின் கனம் விளங்கும்.

கத்தோலிக்கரிடையே அடக்கத்தைப் பதிவு செய்யும் கடமை 1614-இல் வெளியான ரோமைச் சடங்கு நூலோடு விதியாயிற்று. அவர்களுடைய பழைய பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருப்பதால், வீட்டிலே ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டிலே பெத்ருஸாகவும், சின்னப்பன் பவுலுஸாகவும், அருளப்பன் யோவான்னஸாகவும், சூசை யோசேப்புஸாகவும் வேஷம் மாறி நிற்பார்கள். இதை அறியாமல் தேடுகிறவர் தம் பாட்டனாரின் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைக் கடந்து போய்விடக்கூடும். கோயில் கணக்குப்பிள்ளை ஒருவரின் தயவு கிடைத்தால் இச்சிரமம் பாதியாகக் குறையும். அவர்கள் அநேகமாக ஊரின் எல்லாக் குடும்பங்களையும் பட்டப்பெயரோடு அறிந்தவர்கள். இஸ்லாமியரின் கபர்ஸ்தான்களிலோ காயல்பட்டினம் போன்ற பழைய துறைமுக ஊர்களில் அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்களே ஏட்டின் ஸ்தானத்தை வகிக்கின்றன.

ஏட்டைப் பற்றி இவ்வளவு சொன்னபின், நாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனம் அதிகம் சாய்வது அந்தப் பக்கமே. எங்கள் தாய்வழிப் பாட்டியாருக்கு ஆங்கில ஆண்டுக் கணக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் யார் எப்போது இறந்தார் என்று கேட்டால் தட்டாமல் சொல்லுவார்: “எம்டன் குண்டு போட்ட புரட்டாசிக்கு முந்தின மாசம் பெரியவரு போனாரு. வெஷக் காய்ச்சல் வந்ததே, அப்பத்தான் உங்க சின்னப் பாட்டியும் கைப்புள்ளையும் ஒரே நாளிலே.” எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின்மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22; விஷக் காய்ச்சல் நாடெங்கும் பரவியது 1918. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் மரணங்களை மாதக் கணக்கில் நிர்ணயித்துவிடலாம். அதற்கும் மேலே போனால் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். இங்கேதான் விசாரிப்பவருக்கு நிதானம் வேண்டும். தமிழ் வருஷங்கள் அறுபதும் ஒரு சுற்று. தாது என்றால் 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். எந்தத் தாது என்பதை, அப்போது ஊருக்கு ரயில் வந்துவிட்டதா, அந்தப் பெரியவர் எவருடைய கல்யாணத்தைப் பார்த்தார் என்று சுற்றி வளைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவது நம் வழக்கமாதலால், ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வருகிறது. இது சௌகரியமும் சங்கடமும் ஆகும். பெயர் தெரியாத முன்னோரின் பெயரை ஊகிக்கலாம் என்பது சௌகரியம். இரண்டு வேறு மனிதரின் வாழ்க்கையை ஒருவருடையதாக ஒட்டிவிட நேரும் என்பது சங்கடம். குடும்பப் பெயர் இல்லாத நம்மவருக்கு முதலெழுத்துகள்தாம் வழிகாட்டி; அவற்றுள் ஒன்று தகப்பனைச் சொல்லும், மற்றொன்று ஊரைச் சொல்லும்.

வயது முதிர்ந்தவர்களிடம் ‘உங்கள் கொள்ளுப்பாட்டனார் பெயர் என்ன’ என்று நேராகக் கேட்பதில் பயனில்லை. ‘துஷ்டிக்கு யார் யார் வந்தார்கள், கோடி போட்டது எந்த மாமன், கருமாதிக்கு எந்த ஊர்ப் பங்காளி வரவில்லை, ஏன் வரவில்லை’ என்று கேட்கவேண்டும். இழவு வீட்டில்தான் உறவு முறை எல்லாம் தத்தம் இடத்தில் வந்து நிற்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தவராயின், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று பாட்டியை இடுகாட்டுக்கே அழைத்துச் செல்வது நலம். சுண்ணாம்பு அடித்து, பூத் தூவி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு, எழுத்தில்லாத ஒரு மேட்டின்முன் அவள் நிற்கும்போது, “இது யாரு பாட்டி?” என்று கேளுங்கள். வீட்டில் சொல்ல வராதது அங்கே வரும். நகரங்களில் ஒரே குழியைக் குறித்த ஆண்டுகள் கழிந்தபின் மறுபடி திறந்து, அதே குடும்பத்தின் அடுத்தவரை வைக்கும் வழக்கம் இருப்பதால், மேலே தெரியும் பெயருக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

ஏடும் நாவும் முரண்படும்போது எதை நம்புவது? என் அபிப்பிராயம் இது. தேதியையும் வயதையும் பொறுத்தமட்டில் ஏட்டை நம்பலாம். ஏனெனில் எழுதியவர் அன்றே எழுதினார். காரணத்தைப் பொறுத்தமட்டில் நாவையும் கேட்கவேண்டும். ‘ஜுரம்’ என்று ஒரே சொல்லில் ஏடு முடித்துவிடுகிற மரணத்தின் பின்னே, பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பாத மாமியாரும், வண்டி கிடைக்காத மழைக்கால இரவும் இருக்கக்கூடும். அன்றியும், இரண்டும் சேர்ந்து மௌனம் சாதிக்கும் இடங்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டம் மந்திரித்த மண்ணில் இடம் மறுத்தது. குடும்பமும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. ஞானஸ்நான ஏட்டில் இருக்கிற ஒரு பெயர் விவாக ஏட்டிலும் இல்லாமல், அடக்க ஏட்டிலும் இல்லாமல், பாட்டியின் பேச்சிலும் இல்லாமல் போகுமானால், ஊரை விட்டுப் போனவர் என்று முடிவு கட்டுமுன், கொஞ்சம் பொறுத்து, தனிமையில், மெதுவாகக் கேட்கவேண்டும்.

சாதியின் கொடுமையும் இடுகாட்டில் வந்து படுத்திருக்கிறது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒடுக்கப்பட்டோரின் குழிகளையும் மற்றவர் குழிகளையும் பிரித்துச் சுவர் எழுப்பியிருப்பது நாடறிந்த செய்தி. முன்னோரைத் தேடி அங்கே செல்லும் ஒருவர், சுவரின் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்க நேருவது, உயிர்த்தெழுதலை நம்பும் ஒரு சமூகத்துக்கு நேரவே கூடாத அவமானம்.

கடல் கடந்து போனவர்களின் சந்ததியார் தேடி வருவது இதுவரை சொன்னதற்கு நேர்மாறான திசையில், ஏட்டிலிருந்து ஊரை நோக்கி. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்ற கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள்; அவர்களில் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். கூலியைக் காணாமல் போகவிடக்கூடாது என்பதற்காக எழுதிய அந்தப் பட்டியல், இன்று அந்தக் கூலியின் கொள்ளுப் பேரர்களுக்கு மூதாதையின் ஊரைக் காட்டும் ஒரே சாசனமாக இருக்கிறது. அவர்கள் டர்பனிலிருந்து வடஆர்க்காட்டுக்கும் தஞ்சாவூருக்கும் வருகிறார்கள். எழுதியவனின் காதில் விழுந்தபடி சிதைந்த கிராமப் பெயரைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு தாசில்தார் கச்சேரிகளில் விசாரிக்கிறார்கள். கிராமம் கிடைத்தாலும் அங்கே உறவினர் கிடைப்பது அருமை. முனீஸ்வரனோ, அங்காளம்மனோ, அவர்கள் டர்பனில் கும்பிடும் அதே குலதெய்வம் ஊர் எல்லையில் இருக்கக் கண்டு, அதன் முன் கற்பூரம் ஏற்றி அழுதுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏடு ஊரைக் கொடுத்தது. தெய்வத்தின் பெயரை வீட்டுப் பாட்டிதான் கொடுத்தாள்.

நேட்டாலுக்குப் போனவர்களுக்கு ஓர் எண்ணாவது இருந்தது. 1942-லும் 1943-லும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடக் கொண்டு சென்ற தமிழர்களுக்கு அதுவும் இல்லை. சயாமிலுள்ள காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் வரிசையாகத் துயில்கிறார்கள். புல் கத்தரித்து, பூச்செடி வைத்து, பெயரும் படைப்பிரிவும் பொறித்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தார் போற்றிக் காக்கிறார்கள். அது செய்யத் தக்கதே. ஆனால் அதே பாதையில், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும், அந்தப் போர்க் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு, அவருள் பெருந்தொகையினரான நம் தோட்டத் தமிழருக்கு, அடக்கம் செய்த குரு இல்லை, எழுதிய ஏடு இல்லை, பெயர் பொறித்த கல் இல்லை. எரித்தது பாதி, புதைத்தது பாதி, ஆற்றில் போனது எவ்வளவு என்று எண்ணுவார் இல்லை.

ஆகையினால் இவர்கள் விஷயத்தில் நாவைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்த நாவும் வேகமாக அடங்கி வருகிறது. சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் அநேகமாக எல்லோருமே காலமாகிவிட்டார்கள். அப்பா போனபோது ஐந்து வயதோ ஆறு வயதோ ஆன பிள்ளைகள் இன்று தொண்ணூறை எட்டிய கிழவர்களாக, கிழவிகளாக, பேராக்கிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கதை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்த எஸ்டேட், எந்த லயம், எந்தக் கங்காணி பெயர் கொடுத்தான், லாரி எந்த ரயிலடியில் இறக்கியது, கூடப் போனவர் எத்தனை பேர், அவர்களில் திரும்பி வந்தவர் யார், வந்தவர் எந்த முகாமின் பெயரைச் சொன்னார், தாலியைக் கழற்றச் சொன்னபோது அம்மா எந்த வருஷம் வரை கழற்றாமல் இருந்தாள் என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். போருக்கு முந்திய தோட்டத்துச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு எங்கேனும் ஒரு பழைய ஆபீஸ் அலமாரியில் தப்பியிருக்குமானால், அதன் பக்கத்தில் இந்தக் குறிப்பை வைத்துப் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். ஒரு லயத்தில் பத்துப் பெயர் ஒத்து வந்தாலும், அதுவரை எவரும் எழுதியிராத ஓர் அடக்கப் பதிவேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிடும். அதில் வயதுப் பத்தியையும், ஊர்ப் பத்தியையும், மனைவியின் பெயரையும் மறவாமல் நிரப்புங்கள்.